பட்டியலைப் படிக்க மூன்று பேர் போதும்

தேர்தல் நாளன்று எந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கையில் வாக்காளர் அடையாள அட்டை இருக்கும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருப்பார். உள்ளே போன வேகத்தில் திரும்பி வருவார். "பட்டியல்ல பேர் இல்லையாம்." போன தேர்தலில் அதே அறையில் ஓட்டுப் போட்டவர் அவர். அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம்பி வந்தவர்.

அன்றைக்கு அவருக்காக யாரிடம் முறையிட்டாலும் பயனில்லை. பட்டியலில் பெயர் உள்ளவருக்கே வாக்குரிமை என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் புதிதாக ஒரு பெயரையும் சேர்க்க முடியாது என்கிறது அதே பெயருள்ள 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அந்த மனிதர் தம் ஓட்டை இழந்தது அன்று காலையில் அல்ல. வரைவுப் பட்டியல் அதே பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த நாட்களில், ஒருவரும் அதைப் படிக்காமல் கடந்து போனபோது இழந்தார்.

அதைப் படிக்கக் கூடியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் சுய உதவிக்குழுத் தலைவி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்று யாராகவும் இருக்கலாம். ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். எந்தக் கட்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாலும் "இவர் பொதுவான ஆள்" என்று அந்த வீட்டார் சொல்ல வேண்டும்.

ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியலைப் 'பாகம்' என்பார்கள். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் போகக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2025-இல் வரம்பு வைத்திருக்கிறது. நான்கைந்து தெருக்களில் அடங்கிவிடும் கணக்கு இது. அந்தத் தெருக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, மற்ற இருவர் கேட்டால், இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம். யார் இறந்துவிட்டார், யார் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார், எந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகியும் பெயர் ஏறவில்லை என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

இதன் அவசரம் தமிழ்நாட்டுக்கு அண்மையில் நன்றாகவே புரிந்தது. 2025 நவம்பர் 4 முதல் இங்கே எஸ்.ஐ.ஆர். எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவங்கள் வீடு வீடாக வந்தன. 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டிய நிலை வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு எந்த ஊரில், எந்தப் பாகத்தில் இருந்தோம் என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன! வாடகை வீடுகளில் இருப்பவர்களுக்கும், திருமணமாகி வேறு ஊர் வந்த பெண்களுக்கும் அந்தத் தேடல் இன்னும் கடினமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பழைய பட்டியலில் தேடிக் கொடுக்க ஒருவர் இருந்த வீடுகளில் படிவம் நிறைந்தது. இல்லாத வீடுகளில் கோடுகள் காலியாகவே நின்றன.

பீகாரில் இதே திருத்தம் முதலில் நடந்தபோது, 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் பெயர், எதற்காக நீக்கப்பட்டது என்பது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கட்சி சாராத ஓர் அமைப்பும் குடிமக்களும் கேட்டதால் கிடைத்த வெளிச்சம் அது. ஆனால் வெளியிட்ட பட்டியலைப் படித்து, "நம்ம தெரு ராமையா உயிரோடுதானே இருக்கார், இறந்தவர்னு போட்டிருக்கே" என்று சொல்ல உள்ளூரில்தான் ஆள் வேண்டும்.

பெயரை நீக்கச் சொல்வதற்கான படிவம் 7. இறந்தவர் பெயரை எடுக்கவும், இடம் மாறியவரைச் சுட்டிக்காட்டவும் வைத்த நல்ல ஏற்பாடு. இதையே ஆயுதமாக்கவும் முடியும். கர்நாடகத்தின் ஆலந்த் தொகுதியில், 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு 6,018 நீக்கல் விண்ணப்பங்கள் இணையவழியில் குவிந்தன. விசாரித்துப் பார்த்ததில் உண்மையானவை 24 மட்டுமே. யார் பெயரால் விண்ணப்பம் போயிருந்ததோ அவர்களுக்கே அது தெரியாது. தொழில்நுட்பம் அதைப் பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த உறவினரின் பெயரையே நீக்கச் சொல்லி விண்ணப்பம் வந்திருப்பதைப் பார்த்த ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு எழுந்த சந்தேகம்தான் நூலின் முதல் முனையை இழுத்தது.

இங்கே உங்கள் உரிமை தெளிவானது. இடம் மாறினார் என்றோ வசிக்கவில்லை என்றோ சொல்லி ஒருவர் பெயரை எடுப்பதற்கு முன், அவருக்குத் தகவல் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 1950 சட்டத்தின் 22-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு தவறென்றால் 15 நாளுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த நாட்கணக்கு தெரியாமல் பலர் தோற்கிறார்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடு மாறியதும் பலர் புதிய முகவரியில் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. பழைய இடத்திலும் பெயர், புதிய இடத்திலும் பெயர் என்றாகி, பிறகு இரண்டும் சிக்கலாகும். இடம் மாறியவர்கள், பெயரிலோ வயதிலோ பிழை உள்ளவர்கள், அட்டை தொலைத்தவர்கள், மாற்றுத்திறனாளி என்று குறிக்கக் கேட்பவர்கள் எல்லோருக்கும் படிவம் 8. பதினேழு வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எது அவர்களுடைய பதினெட்டுக்குப் பிறகு முதலில் வருகிறதோ, அந்தத் தேதிக்குத் தகுதி பெறுவார்கள். நடைபாதையில் படுப்பவருக்கும் ஓட்டு உண்டு. அவர் படுக்கும் இடமாகச் சொன்ன முகவரிக்கு அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதே நடைமுறை. முகவரிச் சான்று இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினால் அதை எதிர்த்துக் கேட்க அவருக்குத் துணை வேண்டும்.

வாக்குப்பதிவு நாள் வருகிறது. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. உள்ளே போனால், "உங்க ஓட்டை யாரோ போட்டுட்டாங்க" என்கிறார்கள். 2018-இல் வந்த 'சர்கார்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கு 49பி என்ற விதி எண் தெரியும். அதை 'சேலஞ்ச் ஓட்டு' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. 49பி என்பது டெண்டர் ஓட்டு. நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலர் கேள்வி கேட்டு உறுதி செய்த பின், காகித வாக்குச்சீட்டு தருவார். முத்திரையிட்டுக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார். சேலஞ்ச் என்பது ஒரு வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவர் 2 ரூபாய் கட்டி, வந்திருப்பவர் அவரில்லை என்று ஆட்சேபிப்பது.

டெண்டர் ஓட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் சொன்னால்தான் உறை திறக்கும். அப்படியானால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதி பதில். 2008-இல் அங்கே வெற்றியைத் தீர்மானித்தது ஒரே ஓட்டு. அந்தத் தொகுதியின் டெண்டர் ஓட்டுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49. தியாகராய நகரில் 2021-இல் 137. உங்கள் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டால் திரும்பி வராதீர்கள். 49பி என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த நபர் செய்தது குற்றம் என்பதற்கு எழுத்துமூலமான தடயமும் அதுவே.

அழுத்தியது ஒரு சின்னம், ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் தெரிந்தது வேறு சின்னம் என்று உங்களுக்குத் தோன்றினால் 49எம்ஏ விதி இருக்கிறது. அந்தச் சீட்டு ஏழு நொடிதான் தெரியும். ஆகவே கண்ணை அங்கேயே வையுங்கள். புகாரை எழுதிக் கொடுத்தால், முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போட விடுவார்கள். புகார் உண்மையானால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யென்றால் உங்கள் மீது வழக்கு வரும். கண்ணால் பார்த்து உறுதியானவர் தயங்க வேண்டாம். பிறர் சொல்லக் கேட்டு எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

இயந்திரத்தின் மேல் சந்தேகப்படுபவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுப் போடுபவருக்குக் கேட்க உரிமை உண்டு. "நம்புங்க" என்று சொல்வதைவிட எதைப் பார்க்கலாம் என்று காட்டுவதே தன்னார்வலரின் வேலை. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பு முகவர்கள் முன் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டுகளையும் கணக்கையும் ஒப்பிட்டு, அழித்த பின்தான் உண்மையான பதிவு. மாலையில் படிவம் 17சி-யில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி, அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் எண்ணிக்கை அந்த எண்ணோடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணுகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய வழக்கை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சின்னம் ஏற்றும் கருவிகளை 45 நாள் பாதுகாக்கச் சொன்னது. இந்த ஏற்பாடுகளில் மிக வலுவானது 17சி என்பது என் எண்ணம். அது ஊர்க்காரர் கைக்கு வரும் காகிதம். பல சாவடிகளில் முகவர்கள் மாலை ஐந்துக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நகல் வாங்க ஆளில்லை. எல்லாக் கட்சி முகவர்களிடமும், "கடைசிவரை இருந்து 17சி வாங்கிட்டுப் போங்க" என்று சொல்வதும் பொதுவானவர் செய்யக் கூடிய பெரிய காரியம்.

ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகர், 2019-இல் வேலூர் என்று பண விநியோகப் புகாரால் தேர்தலே ரத்தான ஊர்கள் நம்முடையவை. வாங்கியவர்களின் பயம், "யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சுடும்" என்பது. தெரியாது. சாவடிவாரியாக எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பது வெளிவரும். எந்த ஒருவரின் ஓட்டும் வெளிவராது. இதைப் பாட்டிமார்களிடம் பொறுமையாகச் சொல்ல ஒரு பெண் தன்னார்வலர் இருந்தால் நல்லது.

உதவப் போகிறவர்களுக்குக் கட்டுப்பாடும் வேண்டும். ஆதார் நகலையோ ஓ.டி.பி. எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தை அவர் முன்னாலேயே நிரப்பி, அவரே கையெழுத்திட்டு, ஒப்புகை எண்ணை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பார்வையற்றவரோடும் தளர்ந்தவரோடும் சாவடிக்குள் போகத் துணைக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்குத்தான் துணையாகப் போகலாம். பத்துப் பெரியவர்களுக்கு நீங்களே துணை என்று போனால் உங்கள் நேர்மைதான் முதலில் கேள்விக்குள்ளாகும். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க, அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். இந்த ஐந்து நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், ஆகவே வயதானவர்களின் பெயர்களை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் எந்தக் கட்சி பற்றியும் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. துண்டின் நிறத்தில்கூடக் கவனம் வேண்டும்.

பனியன் கம்பெனியிலோ செங்கல் சூளையிலோ வேலை பார்ப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள். வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. தினக்கூலிக்கும் இது பொருந்தும்.

அடுத்த வரைவுப் பட்டியல் வெளியாகும்போது உங்கள் பாகத்தின் நகலை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள். தெருவில் எல்லோருக்கும் பொதுவான மூன்று பேரைக் கூட்டி, கோயில் திண்ணையிலோ நூலகத்திலோ உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாதது ஒன்று உண்டு. 1950 என்ற எண்ணை அழைத்து, உங்கள் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.