கடைசிப் பிடி விடும்வரை

இரணைமடு வாய்க்காலொன்றைப் பல வயல்கள் நம்பியிருக்கையில், கடைசி வயலுக்கும் நீர் போதுமென்ற பின்பே துருசைப் பூட்டலாம். கணினி நிரலில் பலர் பகிரும் பொருளுக்கும் அதே நியாயம்தான். கணினியியலாளர் ஜோர்ஜ் கொலின்ஸ் 1960இல் முன்வைத்த வழி எளியது: பொருளோடு ஓர் எண் ஒட்டியிருக்கும், ஒருவர் பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூச்சியமானால் நினைவகம் அக்கணமே விடுபடும். குறைக்க மறந்தால் நினைவகம் கசியும். இருமுறை குறைத்தாலோ, இன்னொருவர் பிடித்திருக்கும் பொருளே அழியும். இதுதான் படுமோசம், ஏனென்றால் பிழை ஓரிடம், நிரல் விழுவது வேறிடம். இதையெல்லாம் கருவியே செய்யாதா என்று கேட்கலாம். செய்கிறது: 2011இல் ஆப்பிள் இவ்வேலையைத் தொகுப்பியிடம் ஒப்படைத்தது. ஆனாலும் இரு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தால் எண் பூச்சியத்தைத் தொடவே தொடாது. எந்தப் பிடியை எண்ணாமல் விடுவதென்று அங்கே இன்றும் நிரலர்தான் தீர்மானிக்கிறார்.