வற்றும் குளத்து மீனைக் காப்பாற்றுவோம்



2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் திமிங்கிலக் கூட்டம் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். யாரும் கூப்பிடாமலே மீனவ மக்கள் தண்ணீரில் இறங்கி, அவற்றை ஆழத்துக்குத் தள்ளினார்கள். சில பிழைத்தன. 40-க்கு மேற்பட்டவை மாண்டுபோயின. கடலில் விட்டும் சில கரைக்கே திரும்பின. உயிரைத் தூக்கி விடுவது பாதி வேலைதான். சேரும் இடத்தில் அது பிழைக்க வேண்டும்.

நம் குளத்து மீனுக்கும் இதே கதைதான். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதன் தென்கால் கடம்பாகுளத்துக்கும், வடகால் கோரம்பள்ளம் குளத்துக்கும் தண்ணீர் தருகிறது. பிசானம் அறுத்து, கோடை முற்றினால் பல குளங்களில் மடைப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதில் விராலும் கெளுத்தியும் கெண்டையும் நெருக்கியடித்துக் கிடக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அவை செத்தால், அடுத்த வெள்ளத்தில் முட்டையிடத் தாய்மீன் ஏது?

அமெரிக்காவில் கார்மெல் ஆறு கோடையில் வற்றும்போது, தொண்டர்கள் ட்ரௌட் இன மீன்களைப் பிடித்து, நீர் வற்றாத இடத்தில் விடுகிறார்கள். நாமும் செய்யலாம். எப்படி?

முதலில் பஞ்சாயத்திடமும் மீன் குத்தகைதாரரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். வெயில் ஏறுமுன் இறங்குங்கள். சேறு ஆழமாக இருந்தால் தனியாக இறங்க வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள்; காய்ந்த கை பட்டால் அதன் வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்கும். அகலமான அண்டாவில் அந்தக் குளத்துத் தண்ணீரையே பாதி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மீனை விடுங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். ஆகவே இறுக மூடாமல், துள்ளி விழாதபடி வலையால் மூடுங்கள்.

விடும் இடம் அதே ஆற்றுப் பாசனத்தில் உள்ள வற்றாத குளமாகவோ மடுவாகவோ இருக்கட்டும். வேறு ஆற்றுக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும். போனதும் கொட்டிவிடாதீர்கள். புதுத் தண்ணீரைக் கால் மணி நேரம் சிறுகச் சிறுகக் கலந்து, சூடு சமமான பிறகு மெதுவாகச் சாய்த்து விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜிலேபிக் கெண்டை 1952-இல் நம் நாட்டுக்கு வந்த அயல் மீன். நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். மற்ற மீனை விழுங்கிவிடும். 2000-இலேயே தடை செய்யப்பட்டது. இந்த இரண்டையும் எந்தக் குளத்திலும் விடாதீர்கள். இனம் தெரியாவிட்டால் மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டுங்கள்.

விதைநெல்லைப் பஞ்சத்திலும் காப்பாற்றி வைத்தவர்கள் நம் பெரியவர்கள். குளத்துத் தாய்மீனும் விதைநெல்தான்.