யாக்கோபின் விண்மீன் யார்?



விவிலிய வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "ஃபாதர், மெசியாவுக்காக இத்தனை நூற்றாண்டுகள் காத்திருந்த யூத மக்களில் பலர், இயேசு வந்தபோது ஏன் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை?" இதைப் புரிந்துகொள்ள, இயேசுவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த சீமோன் பார் கோசிபா என்பவரின் வரலாறு நமக்கு உதவும்.

கி.பி. 70-இல் உரோமைப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அந்தக் காயம் ஆறும் முன்னே, பேரரசர் அட்ரியன் அந்நகரை 'ஏலியா காப்பித்தோலினா' என்ற உரோமை நகராக மாற்ற முற்பட்டார். கொதித்தெழுந்த மக்கள், கி.பி. 132-இல் சீமோன் தலைமையில் கிளர்ச்சி செய்தனர்.

எண்ணிக்கை நூல் 24:17-இல் யாக்கோபிலிருந்து ஒரு விண்மீன் எழும் என்று பிலயாம் முன்னுரைக்கிறார். அந்த விண்மீன் சீமோனே என்று மறைநூல் அறிஞர் ரபி அக்கிபா அறிவித்ததாக யூத மரபு கூறுகிறது. இதனால் அவர் 'விண்மீனின் மகன்' எனப் பொருள்படும் 'பார் கோக்பா' என்று அழைக்கப்பட்டார். ஆனால் ரபி யோகனான் பென் தோர்த்தா இதை வெளிப்படையாக மறுத்தார் என்றும் அதே மரபு சொல்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக சீமோனின் ஆட்சி நீடித்தது. உரோமை நாணயங்களின் மீதே இஸ்ரயேலின் விடுதலையை அறிவிக்கும் சொற்களைப் பொறித்து வெளியிட்டார்கள். சாக்கடல் அருகே குகைகளில் 1950-களிலும் 1960-களிலும் அவருடைய கடிதங்கள் கிடைத்தன. கட்டளைக்குக் கீழ்ப்படியாதோரைக் கடுமையாக எச்சரிக்கும் அதே தலைவர், போருக்கு நடுவிலும் கூடாரப் பெருவிழாவுக்குப் பேரீச்ச ஓலைகளை அனுப்பச் சொல்கிறார். பக்தியும் வீரமும் உள்ள மனிதர்தான்.

ஆனால் அந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அது சோதனைக் காலம். இயேசுவை மெசியாவாக ஏற்ற அவர்களால், இன்னொருவரை மெசியா என்று ஏற்க இயலவில்லை. இயேசுவை மறுதலிக்காத கிறிஸ்தவர்களை பார் கோக்பா கொடுமையாகத் தண்டித்தார் என்று, அக்காலத்தில் வாழ்ந்த புனித யுஸ்தின் எழுதுகிறார். யாக்கோபின் விண்மீன் இயேசுவே என்றும் அவர் அதே நூலில் சான்று பகர்கிறார். இறைவாக்கு ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்ட விதம் இரண்டு.

முடிவு மிகக் கொடியது. பிரித்தானியாவிலிருந்து தளபதி யூலியு செவேருவை அட்ரியன் வரவழைத்தார். கி.பி. 135-இல் பெத்தார் கோட்டை வீழ்ந்தது, சீமோனும் மடிந்தார். போரில் 5,80,000 பேர் கொல்லப்பட்டனர், 985 ஊர்கள் அழிந்தன என்று உரோமை வரலாற்றாசிரியர் காசியு தியோ எழுதுகிறார். யூதர்கள் எருசலேமுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது.

சீமோனையோ அவரை நம்பிய மக்களையோ இகழ நமக்கு உரிமை இல்லை. அவர்கள் பட்ட அடிமைத்தனம் உண்மை. விடுதலைத் தாகமும் உண்மை. யூத மக்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகக் காட்டலாகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நமக்குக் கற்பித்தது. ஆனால் ஒரு மனிதரின் வாளைக் கடவுளின் வாக்குறுதியாக எண்ணியபோது, பெரும் விலை கொடுத்தவர்கள் எளிய மக்களே.

அப்பம் உண்ட மக்கள் தம்மை அரசராக்க முயன்றபோது, இயேசு தனியே மலைக்குச் சென்றார் (யோவான் 6:15). நாம் விரும்பும் மெசியாவாக இருக்க அவர் மறுத்தார். நமக்குத் தேவையான மெசியாவாகச் சிலுவையில் உயிர் தந்தார்.

நாமும் எத்தகைய மெசியாவைத் தேடுகிறோம்? நோய் தீரவில்லை, கடன் அடையவில்லை என்றதும், உடனடி அற்புதம் வாக்களிப்பவர் பின்னே ஓடுகிறோமா? நம் கோபத்திற்குக் குரல் கொடுக்கும் தலைவரைக் கடவுள் அனுப்பியவர் என்று கொண்டாடுகிறோமா? அப்படியானால், "அவர்கள் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை?" என்ற கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது.

சிந்திப்போம். சிலுவையில் தம்மையே தந்த அந்த விண்மீனின் ஒளியில் நடக்க வரம் வேண்டுவோம்.