மடியில் கனமில்லை!

‘மடிக்கணினி’ என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர் ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். மடியில் வைத்தால் தோசைக்கல்லாகச் சுடும். மடிக்கலாம் என்றால் கீல் உடைந்து, மூடி தனியாக ஆடும். ஆனாலும் தினம் காலை ஆறு மணிக்கு, சம்சாரம் சுப்ரபாதம் போட்டதும், அது வேலைக்கு வந்துவிடுகிறது. ரிட்டயரான நான்தான் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன்!

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தாரே விலையில்லா மடிக்கணினித் திட்டம்... அதில் அடுத்த வருஷமே என் மகளுக்கு ஒன்று கிடைத்தது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. மூடி மேலே அரசாங்க முத்திரையோடு அது வந்த அன்றைக்குத் தெருவே திரண்டு வந்தது. என் அம்மா கற்பூரம் காட்டித் திருஷ்டி கழித்தாள்.

அதை வைத்தே மகள் நர்ஸிங் முடித்தாள். வேலை, கல்யாணம் என்று பெங்களூர் போனாள். பெட்டி பரணுக்குப் போனது.

போன வருஷம் பரணைச் சுத்தம் பண்ணும்போது கீழே இறங்கியது. வாசலில் பழைய இரும்புக்காரர். தராசில் வைத்துப் பார்த்து, “இருநூறு ரூபா தரேன் சாமி” என்றார். நான் முந்நூறு கேட்டேன். பேரம் சூடு பிடித்த நேரத்தில் மகளிடமிருந்து போன்.

“அப்பா, அதைப் போட்றாதீங்க. நான் மனுஷியானதே அதுலதாம்பா!”

இரும்புக்காரர் காலிச் சாக்கோடு போனார். சம்சாரம் என்னைப் பார்த்த பார்வைக்கு இருநூறு ரூபாய்க்கு மேலேயே பெறும்.

*

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையனிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகச் சொன்னான். “பேட்டரி உப்பிப் போச்சு. கீல் போச்சு. கீ-போர்டுல பாதி எழுத்து வேலை செய்யல. டிஸ்பிளேல கோடு...”

“அப்போ காரியம் பண்ணிடலாமா தம்பி?”

சிரித்தான். “சார், போனதெல்லாம் ஊர் சுத்தறதுக்கான சாமான். மதர்போர்டு, பிராசஸர் ரெண்டும் ஜம்முனு இருக்கு. இனிமே இதை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க. மேஜையில ஒரே இடத்துல உக்காத்தி வெச்சிடுங்க.”

எனக்கு சுருக்கென்றது. என்னையும்தான் ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் அப்படி உட்கார்த்திவைத்திருக்கிறார்கள்!

உப்பிய பேட்டரியை முதலில் கழற்றினான். “இதைக் குத்தறது, அமுக்கறது கூடாது சார், தீப்பிடிக்கும்” என்றான். பேட்டரி இல்லாவிட்டாலும் அடாப்டரிலேயே அது ஓடும். பழைய மானிட்டர் ஒன்றை வி.ஜி.ஏ. ஒயரில் மாட்டினான். வெளிக் கீ-போர்டும் மவுஸும் யு.எஸ்.பி.யில். 2 ஜி.பி. ராம் 4 ஆனது. உள்ளே சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டான். தட்டு சுற்றி, ஊசி நகர்ந்து தேடுகிற வேலை அதில் இல்லையாம், அதனால்தான் வேகம். முன்பெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டுக் களி கிண்டி இறக்கலாம். இப்போது தண்ணீர் குடித்து வைப்பதற்குள் எழுந்துவிடுகிறது.

செலவுக் கணக்கு: மானிட்டர் 1,500, கீ-போர்டு மவுஸ் 550, ராம் 600, எஸ்.எஸ்.டி. 1,400, கூலி 300. ஆக 4,350 ரூபாய். (சம்சாரத்திடம் சொன்ன கணக்கு வேறு. அது இங்கே வேண்டாம்.)

இன்னொரு வேடிக்கை. முதலில் நெட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பு இல்லை’ என்று விரட்டியது. வைரஸோ என்று பதறினேன். பையன் தேதியைக் காட்டினான். ஜனவரி 1, 2009! உள்ளேயிருக்கிற பொத்தான் பேட்டரி செத்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை என்று கெடு உண்டு. 2009-ல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லாமே பிறக்காத குழந்தை. நாற்பது ரூபாய் பேட்டரியில் தீர்ந்தது.

அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொதுவான கெடு முடிந்தது. பையன் ‘லினக்ஸ் மின்ட்’ போட்டான். அதில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற லேசான ரகம். காசு கிடையாது. கேட்டால், மகளுக்கு வந்தபோதே சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ லினக்ஸ் அதில் ஒரு பக்கம் இருந்ததாம். நாங்கள்தான் ‘பாஸ்’ என்றதும் மேலதிகாரி என்று ஒதுங்கிவிட்டோம்.

*

சரி, இதெல்லாம் எதற்கு, போனிலேயே ஆகாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன், பக்கத்து வீட்டுப் பெண் வரும்வரை.

அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா கேழ்வரகுக் காட்டில் கூலி. அந்த வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள் அவள். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில்தான். போனில் முயன்று, சாதிச் சான்றிதழை ஏற்றும்போது இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. சென்டருக்குப் போனால் கும்பல். கடைசி நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்தாள்.

“தாத்தா, உங்க கம்ப்யூட்டர்ல...”

உட்காரவைத்தேன். பெரிய திரையில் பாடப் பட்டியல் முழுசாகத் தெரிந்தது. போனில் அவசரத்தில் தப்பாகத் தட்டியிருந்த பிறந்த தேதியும் தெரிந்தது. திருத்தினாள். சான்றிதழின் அளவைக் குறைத்து ஏற்றினாள். கடைசிப் பக்கத்துக்குப் போகும்போது... கரண்ட் போய்விட்டது!

பேட்டரி இல்லாத பெட்டி. பொசுக். “யு.பி.எஸ். ஒண்ணு வாங்கிக்கோங்க சார்” என்று பையன் சொன்னதை, கஞ்சத்தனத்தில் தட்டிக்கழித்தவன் நான். இருட்டில் அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மாக்காரி வாசலில் நின்றபடி, “விடு கண்ணு, நமக்கு விதிச்சது இவ்ளோதான்” என்றாள். அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு, முப்பது வருஷ சர்வீஸில் பட்டதில்லை.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. கெட்டிக்காரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘சேமி’ தட்டியிருந்தாள். விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.

மறுநாளே யு.பி.எஸ். வாங்கினேன். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

இப்போது அவள் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம். சாயங்காலம் வந்து கணக்கு போடுகிறாள். ஏழெட்டுப் பக்கத்தை ஒன்றாகத் திறந்தால் பெட்டிக்கு மூச்சு வாங்கும். அப்போது அதன் தலையில் லேசாகத் தட்டுவாள். “கொஞ்சம் இரு தாத்தா, அவசரமில்ல.”

பெட்டியைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா? நான் கேட்டுக்கொள்வதில்லை.