பேரமா... பில்லா?

சம்பளம் வந்த முதல் வார இறுதியில் சென்னையில் ஒரு ஜுரம் அடிக்கும். டாக்டரிடம் போனால் தீராது, தி.நகர் போனால்தான் தீரும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆபீஸில் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிடும்.

"மச்சி, ரெண்டு சட்டை எடுக்கணும்டா..."

"அப்படியே ஒரு ஹெல்மெட், ஒரு சார்ஜர்..." என்பார் பக்கத்து ஸீட்காரர்.

மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே மாதிரி பேரம் பேசி முடிப்பார்கள். திங்கட்கிழமை காலையில், "எல்லாம் சல்லிசா முடிஞ்சுது" என்று பெருமை வேறு!

சட்டை சாயம் போனால் பரவாயில்லை. ராத்திரி லுங்கிக்கு மேலே போட்டுக் கொள்ளலாம். ஹெல்மெட்டின் சாயம் எப்போது வெளுக்கும்? ரோட்டில் விழுந்த பிறகுதான். அப்போது அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க நாம் இருக்க வேண்டுமே!

சென்னையில் எந்தக் கடை மலிவு என்று சொல்ல ஊர் பூரா ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. வாங்க வேண்டிய சாமான்களை முதலில் இரண்டு ரகமாகப் பிரியுங்கள். கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாலே குணம் தெரிவது ஒரு ரகம்: துணி, நோட்டு, பக்கெட், பழைய புத்தகம். நாள்பட உபயோகித்தால்தான் குணம் தெரிவது இன்னொரு ரகம்: சார்ஜர், பவர் பேங்க், ஹெல்மெட், பிரேக் சாமான். முதல் ரகத்துக்குப் பேரம், இரண்டாவதுக்கு பில். எந்தத் தெருவுக்குப் போவது என்பது தானாக முடிவாகிவிடும்.

பேரத்துக்கு உரிய தெருக்கள்

பி.காம். படிப்பில் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே பாடம் இது. ஒரு சரக்கு எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை வாடகையும் அத்தனை லாபமும் அதன் தலையில் ஏறும். ஆகவே கைகள் குறைவாக இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அந்த இடம் பாரிமுனை.

ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு வியாபாரம். கோடவுன் தெரு என்றால் துணி. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி, படச் சட்டம். ஒரே சரக்கை விற்கிற இத்தனை கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாருக்கு லாபம்? நமக்குத்தான். 'கட்டுப்படியாகலை, வர்றேன்' என்று திரும்பினால் பத்தடியில் அடுத்த கடை. அந்தப் பத்தடிதான் நம்முடைய பேர பலம்!

ஆனால் ஒன்று. தனி ஆளாகப் போய் "ஒரு சட்டைத் துணி" என்று கேட்டால், மொத்த வியாபாரி நம்மை மேலும் கீழும் பார்த்து "எத்தனை பீஸ் சார்?" என்பார். ரூம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போங்கள். பெரும்பாலான மொத்தக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை போவது உத்தமம். 2019-ல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ வந்த பிறகு ஹைகோர்ட், மண்ணடி ஸ்டேஷன்களில் இறங்கி நடந்தே போய்விடலாம். அதே ரயிலில் வண்ணாரப்பேட்டை வரை போனால் எம்.சி. ரோடு. ரெடிமேட் உடைகளுக்கு வடசென்னைக்காரர்கள் நம்பிப் போகிற தெரு.

தி.நகர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை 2023-ல் திறந்தாகிவிட்டது. ரங்கநாதன் தெருவில் பிறர் முழங்கையால் முன்னேற வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. ஆனால் அங்கே தள்ளுபடி போர்டுகளைப் பார்த்தால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்.

'50% + 20% தள்ளுபடி' என்றால் 70 என்று மனசு கூட்டிவிடும். நிஜத்தில் 1,000 ரூபாய் சட்டை முதலில் 500 ஆகும். அந்த 500-ல்தான் 20 சதவீதம் கழியும். ஆக 400. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 33 சதவீதத் தள்ளுபடி. அதுவும் மூன்று சட்டை தேவைப்படுகிறவருக்குத்தான். ஒன்று மட்டும் போதும் என்று வந்தவருக்கு அது இரண்டு சட்டைச் செலவு!

பேரம் பேசக் கூச்சப்படுகிற ஜாதி ஒன்று உண்டு. விலை கேட்டுவிட்டு 'சரிங்க' என்று பர்ஸை எடுக்கிறவர்கள். அவர்களுக்காகவே இருக்கிறது கோ-ஆப்டெக்ஸ். 1935-ல் ஆரம்பித்த நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி. எழும்பூர் பாந்தியன் ரோட்டில் பெரிய ஷோரூம் இருக்கிறது. பேரமும் வேண்டாம், பில்லும் கேட்காமலே வரும்.

பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதை. நாவல் எத்தனை பழசானாலும் நாவல்தான். ஆனால் பழைய வருமான வரி கைடை மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதைப் படித்து வரி கட்டினால், மிச்சம் பிடித்ததை அபராதமாகக் கட்ட நேரிடும்.

பில்லுக்கு உரிய தெருக்கள்

இப்போது இரண்டாவது ரகம். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும். புது வண்டி சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய வண்டி சாமான்களுக்குப் புதுப்பேட்டை. மூன்றுமே மவுண்ட் ரோட்டிலிருந்து அதிக தூரமில்லை. விலையும் விஷயஞானமும் அங்கே கிடைக்கிற மாதிரி வேறெங்கும் கிடைக்காது. ஷோரூம்காரர் 'போர்டையே மாத்தணும்' என்று சொன்னதை, ஒரு சின்ன பார்ட் போட்டு ஓட வைக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் பஜாரிலும் அசலும் நகலும் அண்ணன் தம்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில், "ஒரிஜினல் சார்!" வேறு கேள்வி கேளுங்கள்: "பில் போட்டுத் தருவீங்களா?" கடைக்காரர் உடனே பேனாவை எடுத்தால் ஒரு அர்த்தம். கூரையைப் பார்த்தால் வேறு அர்த்தம்.

பில் இல்லாமல் 800, பில்லோடு 950 என்றால் அந்த 150 ரூபாயை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். அது இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

நண்பர் ஒருவர் அந்த பிரீமியத்தை மிச்சம் பிடித்தார். வாங்கிய பவர் பேங்க் மூன்றாவது வாரத்தில் சாப்பாடு செரிக்காத குழந்தை வயிறு மாதிரி உப்பிவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற மனுஷர்! நல்லவேளை, பகலில் கவனித்தார். எடுத்துக்கொண்டு ஓடினார். கடைக்காரர் நிதானமாக, "நம்ம கடையில வாங்கினதுன்னு என்ன சார் ப்ரூஃப்?"

"ஜி.பே. பண்ணியிருக்கேனே!"

"பணம் வந்திருக்கு சார், இல்லேங்கலை. அது ஹெட்போனுக்கு."

செல்போனில் அனுப்பின பணத்துக்கு, பணம் போனது மட்டும்தான் சாட்சி. என்ன சாமான் வந்தது என்பதற்கு பில்தான் சாட்சி.

சட்டம் நம் பக்கம்

'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்து மிரள வேண்டாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வியாபாரம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் நீங்கள் கேட்கலாம். பில் தர மறுப்பதும் அதே குற்றப் பட்டியலில் வருகிறது. எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்புதான். அதற்கு மேல் வாங்கக் கூடாது. கீழே தாராளமாகப் பேரம் பேசலாம்.

முறையிட 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. எல்லாம் சரி, முதல் கேள்வி 'பில் எங்கே?' என்பதுதான்!

ஹெல்மெட்டுக்கு வருவோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் 1 முதல் தடை. ஆனால் முத்திரை என்பது ஒரு ஸ்டிக்கர். யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முத்திரையோடு லைசென்ஸ் நம்பர் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் அந்த நம்பரைத் தட்டினால் எந்தக் கம்பெனி, என்ன சாமான், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். சார்ஜர், பவர் பேங்கில் 'ஆர்' என்று ஆரம்பிக்கிற பதிவு எண்ணையும் அதே ஆப்பில் சோதிக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கடையிலேயே நின்று செய்யுங்கள்.

புதுப்பேட்டையிலும் இதே கணக்குதான். மட்கார்டு, ஸீட், கண்ணாடி பழசாக வாங்கலாம். கண்ணுக்கு எதிரே இருக்கிறது. பிரேக்கும் டயரும் புதுசாக, பில்லோடு வாங்குங்கள். பழைய இன்ஜின் வாங்கினால் பில் கட்டாயம். 'இது எங்கிருந்து வந்தது?' என்று போலீஸ்காரர் கேட்கிறபோது, கடைக்காரர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

ஆகவே அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் லிஸ்டை எழுதி நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடதுபக்கம் பேரம், வலதுபக்கம் பில். இடதுபக்கம் மிச்சம் பிடித்ததை வலதுபக்கம் செலவழியுங்கள்.

சட்டைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறைச்சுக் கேளுங்க சார். தலைக்கு மட்டும் பேரம் பேசாதீங்க!