எலும்புக்கு ஒரு சாரம்

என் அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வந்தவர். விபத்தொன்றில் அவருடைய கீழ்க்கால் எலும்பு நொறுங்கியது. விழுந்த இடைவெளியை நிரப்ப இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். கால் ஆறிய பிறகும், “இடுப்புதான்டா வலிக்குது” என்பார்.

இடுப்பைத் தொடாமல் இடைவெளியை நிரப்ப முடியாதா? கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் ஒஸ்தியோபோர் நிறுவனம் அதற்குத்தான் முயல்கிறது. பாலிகாப்ரோலேக்டோன் என்னும் நெகிழியை உருக்கி, முறுக்குப் பிழிவதுபோல் நூல்நூலாக அடுக்கி, முப்பரிமாணத்தில் அச்சிடுகிறார்கள். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது இது. இதன் நுண்துளைகளுக்குள் இரத்தக் குழாய்களும் எலும்புச் செல்களும் வளர்கின்றன. சாரமோ உடல்நீரில் மெல்லச் சிதைந்து, சில ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது. மண்டையோட்டில் பயன்படுத்த அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது.

அண்ணனுக்குக் கிருமித்தொற்றும் வந்தது. நொறுங்கிய எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஊசிமருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. மருந்து கலந்த சிமெண்டு மணிகளைக் காயத்துக்குள் வைப்பதுண்டு. அவற்றை வெளியே எடுக்க மறுபடியும் அறுவை! மருந்தைச் சாரத்திலேயே கலந்து அச்சிட்டால் அந்த வேலை மிச்சம். ஆனால், முதல் சில நாள்களிலேயே மருந்தில் பெரும்பகுதி கொட்டிவிடலாம். நூலின் தடிமனையும் துளையின் அளவையும் மாற்றி, அதைச் சீராகக் கசியவிட ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.

நண்பர்களே, இந்தச் சாரம் தனியாக உடல் எடையைத் தாங்காது. காலில் வைத்தால் உலோகத் தகடோ கம்பியோ துணைக்கு வேண்டும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். “தகடு இருந்துட்டுப் போகட்டும், இடுப்ப விட்டா சரி” என்றார்.