யுகுலேலே தந்தி: கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நம் வணிக நண்பர்கள் சிலர் நோட்டு, பேனா, ஜியாமெட்ரி பெட்டியோடு மௌத் ஆர்கன், புல்லாங்குழல் போன்றவற்றையும் ஓரமாக வைத்து விற்பதுண்டு. அப்படிப்பட்ட கடைக்கு "யுகுலேலே தந்தி இருக்கிறதா?" என்று கேட்டு ஒருவர் வரக்கூடும். வாயில் நுழையாத சரக்கு என்று கைவிரித்தால் ஒரு வியாபாரம் போவதோடு சரி. "கிட்டார் தந்திதான் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்" என்று கொடுத்து அனுப்பினால் குழந்தையின் வாத்தியம் உடைந்து, அந்தக் குடும்பம் மளிகைக்கும் வேறு கடை தேடிப் போய்விடும்.

யுகுலேலே என்பது பார்வைக்குக் குட்டி கிட்டார். தந்தி நான்கே நான்கு. அதன் ஊர் ஹவாய்த் தீவுகள். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவு மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலூலு வந்து இறங்கினார்கள். அவர்களில் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஹொசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று தச்சர்கள் தங்கள் ஊர் வாத்தியத்தை அங்கே செய்து விற்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் கடை முதலாளிகளாக ஆன கதை அது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இதற்குக் கிராக்கி ஏற்பட்டது.

முன்பு இதற்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்பைத்தான் கட்டினார்கள். நம் யாழுக்கும் தந்தியை நரம்பு என்றே சொன்னது நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரின்போது காயத்துக்குத் தையல் போடக் குடல் நரம்பு தேவைப்பட்டதால் அது அரிதானது. அந்த 1940களில்தான் நைலான் தந்தி புழக்கத்துக்கு வந்தது. இன்று விற்பதில் பெரும்பகுதி நைலானும் அதைப் போன்ற செயற்கை இழைகளும்தான். இரும்புத் தந்தி இதற்கு ஆகவே ஆகாது. காரணம் இழுவிசை. சாதாரண கிட்டாரில் ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு இழுக்கும். யுகுலேலேயின் நான்கு தந்திகளும் சேர்ந்தால் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோவுக்குள்தான். அந்த இழுப்புக்கென்றே பலகையை மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். அதில் இரும்பை ஏற்றினால் பாலம் பெயர்ந்து வரும், கழுத்து வளையும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த அளவு வாத்தியம்?" என்பதே. சோப்ரானோ, கான்செர்ட், டெனர், பாரிடோன் என்று நான்கு அளவுகள் உண்டு. அளவு என்பது தந்தி அதிரும் நீளம். சோப்ரானோவில் சுமார் 35 செ.மீ., கான்செர்ட்டில் 38, டெனரில் 43, பாரிடோனில் 50 செ.மீ.யை ஒட்டி வரும். வாடிக்கையாளருக்குப் பெயர் தெரியாவிட்டால் வாத்தியத்தைக் கொண்டுவரச் சொல்லி, துணிக்கடை டேப்பால் பாலத்திலிருந்து தலைப்பக்கத்துப் பட்டை வரை அளந்தால் போதும். முதல் மூன்று அளவுக்கும் சுருதி ஒன்றே: ஜி, சி, ஈ, ஏ. பாரிடோனுக்கு டி, ஜி, பி, ஈ. இந்த ஒரு செட்டை மட்டும் மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி, "ஜி தந்தி மேல் சுருதியா, கீழ் சுருதியா?" என்பது. இங்கேதான் பழகிய கிட்டார்க்காரர்களும் ஏமாறுகிறார்கள். கிட்டாரில் தடிமன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரிசையாகக் குறைந்துகொண்டே போகும். யுகுலேலேயில் வழக்கமான முறைப்படி நடுவில் உள்ள சி, ஈ இரண்டும் தடிமன். ஓரத்தில் உள்ள ஜி, ஏ இரண்டும் மெல்லியவை. எல்லாவற்றிலும் தடித்தது மூன்றாவதான சி. இது தெரியாமல் தடிமன் வரிசையில் கட்டிவிட்டு, "செட்டே தப்பு" என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு. கீழ் சுருதி ஜி வேண்டும் என்பவர்களுக்குத் தனிச் செட். அதில் அந்தத் தந்தி தடிமனாகவோ, மேலே உலோகக் கம்பி சுற்றியதாகவோ இருக்கும். தலைப்பக்கத்துப் பட்டையிலுள்ள பள்ளத்தில் அது உட்காருகிறதா என்று பார்த்துவிட்டே விற்பது நல்லது.

இழை வகையைப் பொறுத்தவரை, சாதா நைலான் விலை மலிவு, கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோர ஊர்களில் மழைக்காலம் வந்தால் சுருதி அடிக்கடி நழுவும். ஃபுளோரோகார்பன் என்ற இழை அடிப்படையில் தூண்டில் நூல்தான். நைலானைவிட அடர்த்தி ஒன்றரை மடங்கு என்பதால், அதே சுருதிக்கு இன்னும் மெல்லிய தந்தி போதும். ஈரம் அவ்வளவாக ஏறாது, ஓசை கணீரென்று இருக்கும். இத்தாலியின் அக்குயிலா நிறுவனம் நைல்கட் என்று ஒன்று விற்கிறது. குடல் நரம்பின் அடர்த்திக்கு ஒப்பச் செய்தது, வெள்ளை நிறத்தில் இருக்கும். பழகும் பிள்ளைக்குச் சாதா நைலானே போதும் என்பது எங்கள் கருத்து.

மாற்றும் முறையையும் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்தால் மதிப்புக் கூடும். தந்தியில் மெட்டுகள் பதிந்து பள்ளம் தட்டுப்பட்டாலும், ஓசை மந்தமானாலும், மெட்டில் அழுத்தும்போது சுருதி சேராவிட்டாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இழுத்த நிலையில் கத்தரிக்கக் கூடாது, பிரடையைத் தளர்த்திவிட்டே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றினால் பக்கத்துத் தந்தி கட்டியிருப்பதைப் பார்த்து அப்படியே கட்டலாம். பாலத்தில் பிளவு மட்டும் இருந்தால், நுனியில் முடிச்சுப் போட்டு இறக்கினால் முடிந்தது. துளை உள்ள பாலமாக இருந்தால், நுனியைப் பின்பக்கமாக நுழைத்து, மேலே திருப்பி, தந்திக்கு அடியில் கொடுத்து, தன் வளையத்துக்குள்ளேயே செருகி இழுக்க வேண்டும். செருகிய நுனி பாலத்தின் பின்விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும். மேற்பரப்பிலேயே நின்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஃபுளோரோகார்பன் இன்னும் வழுக்கும், ஒரு சுற்று அதிகம் செருகச் சொல்லுங்கள். பிரடையில் இரண்டு மூன்று சுற்றுப் போதும். மிச்ச நுனியை ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு வெட்ட வேண்டும்.

கொள்முதல் விஷயத்தில், பல செட்டுகளின் உறையில் சோப்ரானோ, கான்செர்ட் இரண்டுக்கும் பொது என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றையே அதிகம் வையுங்கள். டெனர் இரண்டொன்று இருந்தால் போதும். பாரிடோனுக்கு ஆர்டர் வந்த பிறகு வரவழைத்துக் கொடுக்கலாம். கெட்டுப்போகும் சரக்கல்ல, இடமும் அடைக்காது. வெயில் படாமல் வைத்தால் சரி. பில்லில் இசைக்கருவித் தந்தி 9209 என்ற எச்.எஸ்.என். தலைப்பில் வரும். வரி விகிதத்தை உங்கள் கணக்கரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்கும்போதே ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் கூட்டிய சுருதி மாலையில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெதுவாக உயர்த்தி இழுத்து மறுபடி கூட்டிவந்தால் விரைவில் நிலைக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் மறுநாளே "தந்தி நிற்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று வந்து நிற்பார்கள்.